குவைத்துக்கும் கோத்தகிரிக்கும் பேச எது மலிவு?

இலங்கையின் மலையகத்தில், தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் கடந்த உறவுகள் நீலகிரியிலும், வேலை தேடிப் போன பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் குடும்பங்கள் பல. எங்கள் சித்தப்பா குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. தங்கை குவைத்தில் வேலை செய்கிறாள். 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தோட்டச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் ரீலோட்டுக்கு, அதாவது போனில் காசு போடுவதற்கு, போகும் ஒவ்வொரு நூறு ரூபாயையும் கணக்குப் பார்த்தே செலவிட வேண்டும்.

நேரடி வெளிநாட்டு அழைப்புக்கு இணையம் தேவையில்லை என்பதே அதன் பெரிய பலம். பள்ளத்தில் இருக்கும் லயன்களில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒரு கோடு சிக்னல் கிடைத்தாலும் பட்டன் போனில் பேசிவிடலாம். கட்டணம் முழுவதும் அழைப்பவருடையது. ஊரில் இருந்தபடி எடுத்துப் பேசுபவருக்குச் செலவில்லை. ஆகவே எந்தப் பக்கத்தில் கட்டணம் குறைவோ அந்தப் பக்கத்தவர் அழைப்பதுதான் முறை. இந்தியாவில் எல்லையின்றிப் பேசலாம் என்று விற்கப்படும் திட்டங்கள் அந்நாட்டுக்குள் பேசுவதற்கு மட்டுமே. அதை நம்பிச் சித்தப்பா இங்கே நேரடியாக அழைத்தால் காசு தனியாகக் கழியும். நிமிடக் கணக்கில் கட்டணம் அறவிடும் இணைப்பாக இருந்தால், ஒரு நிமிடத்தைச் சில விநாடிகள் தாண்டினாலும் இரண்டு நிமிடங்களுக்குக் கழிப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வட்ஸ்அப் அழைப்பை இலவசம் என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. இரு முனைகளிலும் டேட்டா கரைகிறது. ஆனாலும் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு எம்பிக்கும் குறைவாகவே செலவாகும் என்பதால், ஒரு மணி நேரம் பேசினாலும் 60 எம்பியைத் தாண்டாது. வீடியோ அழைப்பு அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மகளின் முகத்தைப் பார்க்காமல் அம்மாவுக்கு மனம் ஆறுவதில்லை; அந்த ஆசையைச் செலவென்று சொல்லித் தடுக்க எனக்கு மனமில்லை. அதனால் முதல் இரண்டு நிமிடங்கள் முகம் பார்த்துவிட்டு, மீதியைக் குரலில் பேசுகிறோம். அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டாவைப் பயன்படுத்தும் தெரிவும் அந்தச் செயலியின் அமைப்புகளில் உண்டு. அதைப் போட்டுவிட்டு, படங்களும் வீடியோக்களும் தாமாக இறங்குவதை நிறுத்தினால் வாங்கிய டேட்டா பொதி கூடுதல் நாட்கள் தாங்கும்.

பொதி வாங்கும்போது, அதில் எவ்வளவு டேட்டா நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படுத்தத் தக்கது என்று கேட்க வேண்டும். விடியுமுன் எழுந்து மலைக்கு வேலைக்குப் போகும் வீட்டுக்கு இரவு டேட்டா பெரும்பாலும் வீண். ஆனால் குவைத் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால் அங்கே இரவு ஒன்பதரை. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பதே ஏறக்குறைய அப்போதுதான் என்பதால், தங்கையோடு பேச அது பயன்படும். கோத்தகிரிக்கு நம்முடைய நேரமே என்பதால் அவர்களோடு பேச இரவு டேட்டா உதவாது.

சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் குரல் பதிவு அனுப்புவது எல்லாவற்றிலும் மலிவு. டுபாயில் இருப்பவர்களுக்கு வட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருப்பதால், பதிவாவது கைகொடுக்கும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் குறை.

எங்கள் வீட்டில் வழக்கமான பேச்செல்லாம் வட்ஸ்அப் குரல் அழைப்பிலும் பதிவிலும்தான் நடக்கின்றன. அம்மாவின் பட்டன் போனில் மட்டும் ஐந்து நிமிடம் நேரடியாகப் பேசத் தேவையான ரீலோட்டை ஒதுக்கி வைத்திருக்கிறோம். மழை நாளில் இணையம் அறுந்திருக்கும்போது கோத்தகிரிக்கு ஒரு துக்கச் செய்தி சொல்ல வேண்டி வந்தால், விலை பார்க்காமல் அழைப்பதற்கு அது வேண்டும்.