மேற்பார்வையைத் தணிக்கை செய்வது: கையெழுத்தைப் பார்ப்பதா, கேட்டறிவதா, கேஸ் ஷீட்டைப் பிரிப்பதா?

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்பவர்கள் ஸ்டாஃப் நர்ஸ்கள். அதற்கு முந்தைய மாதங்களில் கர்ப்பிணியை வீடு தேடிப் போய்ப் பார்ப்பவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் பணிபுரியும் அவருக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், அவருக்கும் மேலே சமுதாய சுகாதார செவிலியர் என்று மேற்பார்வைக்கு ஓர் ஏணி இருக்கிறது. அந்த ஏணியில் இருந்து இறங்கி வந்தவர் துணை நிலையத்தில் உட்கார்ந்து என்ன செய்தார், அதனால் அடுத்த கர்ப்பிணிக்கு என்ன கிடைத்தது என்பதைத் தணிக்கை செய்ய மூன்று வழிகள் உண்டு. பணி ஓய்வுக்கு முன் மூன்றையும் ஏதோ ஒரு வடிவில் செய்தும், செய்யப்பட்டும் பார்த்திருக்கிறேன்.

முதலாவது பழகிய வழி. மேற்பார்வையாளரின் முன்பயணத் திட்டத்தையும் நாட்குறிப்பையும் அருகருகே வைத்து, எத்தனை நிலையங்களுக்குப் போவதாக எழுதினார், எத்தனைக்குப் போனார், ஒவ்வொரு பதிவேட்டிலும் கையெழுத்தும் தேதியும் உள்ளனவா என்று ஒப்பிடுவது. அரை நாளில் முடிந்துவிடும். மாதக் கூட்டத்தில் வாசிக்க ஓர் எண்ணும் கிடைக்கும். ஆனால் ஒரு முறை என் கைக்கு வந்த கர்ப்பிணிப் பதிவேட்டில், ஒரே பக்கத்தில் இருந்த பதினான்கு பேருக்கும் இரத்த அழுத்தம் 110/70 என்று எழுதியிருந்தது. அடியில் சிவப்பு மையில் ‘பார்வையிடப்பட்டது’ என்ற குறிப்பும் அழகான கையெழுத்தும் இருந்தன. கையெழுத்தை மட்டும் எண்ணும் தணிக்கையில் அந்தப் பக்கம் தேறிவிடும். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த ஐந்தொகையை, அதாவது வட்டிக்கடைக் கணக்குச் சுருக்கத்தை, இங்கே வீட்டு முகப்பில் உட்கார்ந்து படித்த செட்டியார்களுக்கு, கூட்டல் சரியாக இருப்பது வேறு, கொடுத்த கடன் திரும்பி வருவது வேறு என்று தெரிந்திருந்தது. நம் படிவங்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

இந்த வழியை நன்றாகச் செய்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவமே சாட்சி. அங்கே 1902-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டத்தோடு தொடங்கிய சட்டபூர்வ மேற்பார்வை, நூறாண்டுகளில் மிக ஒழுங்கான அமைப்பாக வளர்ந்தது: பதினைந்து மருத்துவச்சிகளுக்கு ஒரு மேற்பார்வையாளர், ஆண்டுக்கு ஒரு முறையாவது நேர்காணல், அதற்கும் மேலே உள்ளூர் மேற்பார்வை ஆணையத்தின் ஆண்டுத் தணிக்கை. இத்தனை இருந்தும், வடமேற்கு இங்கிலாந்தில் பாரோ நகரிலுள்ள ஃபர்னஸ் பொது மருத்துவமனையில், வேறுவிதமான சிகிச்சை கிடைத்திருந்தால் ஒரு தாயும் 11 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள் என்று 2015 மார்ச்சில் வெளியான கிர்கப் விசாரணை அறிக்கை கூறியது. அதற்கு முன்பே, 2013 டிசம்பரில், அந்நாட்டின் சுகாதாரக் குறைதீர்ப்பாளர் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார்: தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்பவரும் தவறு நடந்தால் விசாரிப்பவரும் ஒருவராகவே இருந்தால், இரண்டு வேலையும் கெடும். 2017 மார்ச் 31-உடன் சட்டபூர்வ மேற்பார்வை முடிவுக்கு வந்தது.

அதன் இடத்தில் இங்கிலாந்தில் வந்த ‘ஏ-ஈக்விப்’ முறையில், துணைநிற்கும் மூத்த மருத்துவச்சிக்கு விசாரணைப் பொறுப்பு கிடையாது. அவர் கேட்பார், பேச வைப்பார், கற்றுக்கொள்ள உதவுவார். இத்தகைய மேற்பார்வையைத் தணிக்கை செய்வதற்கு மேற்பார்வை பெற்றவரையே கேட்டறிவதுதான் முதன்மையான வழி என்பதால், இதை இரண்டாவது வழியாகக் கொள்ளலாம். வழி நல்லதே, நம் ஊரில் அதை அப்படியே நட்டால் வேர் பிடிக்குமா என்பதுதான் என் ஐயம். இடமாறுதலும் பணிக்குறிப்பும் மேலதிகாரியின் கையில் இருக்கும்போது, “எல்லாம் நல்லா சொல்லித் தர்றாங்க மேடம்” என்பதைத் தவிர வேறு பதிலை எதிர்பார்க்க முடியாது. வேறு வட்டாரத்திலிருந்து வரும் ஒருவர் தனியே கேட்டால் மட்டுமே உண்மை கொஞ்சம் கசியும்.

மூன்றாவது, கேஸ் ஷீட்டிலிருந்து பின்னோக்கி நடப்பது. பிரசவ முன்னேற்ற வரைபடம், அதாவது பார்ட்டோகிராப், இதற்கென்றே பிறந்த ஆவணம் போன்றது. கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் விரிந்ததும் குறிக்கத் தொடங்குகிறோம்; மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தை எச்சரிக்கைக் கோடு காட்டும்; அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் தள்ளி நடவடிக்கைக் கோடு. குழந்தையின் இதயத்துடிப்பு அரை மணிக்கு ஒரு முறை பதிவாக வேண்டும். புள்ளிகள் எல்லாம் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே பிசிறில்லாமல் விழுந்து, துடிப்பு 140, 142, 140 என்றே போய், முழுத் தாளும் ஒரே பேனாவின் ஒரே அழுத்தத்தில் இருந்தால், அது பிரசவம் முடிந்து தாயை வார்டுக்கு மாற்றிய பிறகு போட்ட படம் என்று அனுபவப்பட்ட கண் சொல்லிவிடும். தணிக்கையாளர் இங்கே ஸ்டாஃப் நர்ஸை விட்டுவிட்டு, மேற்பார்வையிட்டவரைக் கேட்க வேண்டும்: இந்தத் தாளை நீங்கள் பார்த்தீர்களா, பார்த்தபின் அவரோடு உட்கார்ந்து பேசினீர்களா, அதே செவிலியர் அடுத்த மாதம் போட்ட தாள் மாறியிருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு விடை வாய்மொழியில் வராது, அடுத்த மாதத்து கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். இந்த வழியை நான் உயர்வாக வைப்பதற்குக் காரணம் அதுவே.

குறைகளும் உண்டு. ஒரு தாளை ஒழுங்காகப் படிக்க முக்கால் மணி நேரம் ஆகும். சிக்கலான கர்ப்பங்களைப் பெரிய மருத்துவமனைக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவதால், சிறு நிலையத்தில் படிக்க வேண்டிய தாள்களும் குறைவாகவே கிடைக்கும். தாய் இறப்புத் தணிக்கை நம்மிடம் வலுவாகவே இருக்கிறது என்றாலும், அது உயிர் போன பிறகு திறக்கும் கோப்பு. உயிர் தப்பிய பிரசவங்களில் மேற்பார்வை எப்படி இருந்தது என்று அது கேட்பதில்லை.

செட்டிநாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. சென்னையிலோ கோவையிலோ வாழும் பெண் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பள்ளத்தூருக்கோ கோட்டையூருக்கோ தாய்வீடு வருகிறாள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண் அவளோடு வருகிறது. ஆறேழு மாதம் அவளைக் கவனித்த செவிலியரும் அவருடைய மேற்பார்வையாளரும் வருவதில்லை. அங்கே ‘ஊருக்குப் போய்விட்டார்’ என்று ஒரு கோடு, இங்கே ‘புதிய வரவு’ என்று ஒரு வரி. இரண்டு பதிவேடுகளும் குறையின்றித் தேறும், இடைப்பட்ட வாரங்களுக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. இதைக் கையெழுத்துத் தணிக்கை காட்டாது. செவிலியரைக் கேட்டாலும் அவர் அறிந்த பாதிதான் வெளிவரும். தாளைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தால் அந்த இடைவெளியில் கால் தட்டும்.

ஒரு நிலையத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், பதிவேட்டுக்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுவதும் ஆறேழு கேஸ் ஷீட்டுகளுக்கும், அவற்றை எழுதிய செவிலியரோடு அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதற்கும் போக வேண்டும். தணிக்கைக்கு வருபவர் அந்த மேற்பார்வையாளரின் நேர் மேலதிகாரியாக இருக்கக் கூடாது. தாள்களை நிலையத்தார் எடுத்துக் கொடுக்கவும் விடக் கூடாது. அவற்றில் பாதியாவது இரவுப் பிரசவங்களாக இருக்கட்டும், ஏனென்றால் மேற்பார்வை ஜீப் வந்து நிற்பது பகல் பதினொரு மணிக்கு.