குதிரை விபத்துக்கு இழப்பீடு: ஓட்டுநரின் காப்பீடா, சொந்த பாலிசியா, உரிமையாளர் மீது வழக்கா?

இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகளில் குதிரை சம்பந்தப்பட்ட விபத்து நடந்தால் பணம் வரக்கூடிய இடங்கள் நான்கு: மோதிய வண்டியின் காப்பீடு, காப்பீடில்லாத, அடையாளம் தெரியாத வண்டிகளுக்காக இயங்கும் மோட்டார் காப்பீட்டாளர் அமைப்பான எம்.ஐ.பி. (MIB), குதிரைக்கு நீங்களே எடுத்த பாலிசி, குதிரையை வைத்திருப்பவர் மீதான வழக்கு. முதல் மூன்றும் சவாரி செய்தவருக்கு உதவும். நான்காவது பெரும்பாலும் காரில் வந்தவருக்கானது. எந்த வழி என்பதை முதல் வாரத்திலேயே முடிவுசெய்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய சான்று வேறு. சில சான்றுகள் நாலைந்து நாளில் அழிந்துவிடும்.

ஓட்டுநரின் காப்பீடு

சவாரி செய்தவருக்கு முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். காயம், குதிரை, சேணம், வருமான இழப்பு எல்லாவற்றையும் ஒரே கிளெய்மில் கேட்கலாம். ஆனால் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ஹைவே கோடின் விதி 215 இங்கே கைகொடுக்கும். 2022 ஜனவரி 29 முதல் அதில் எண்களே இருக்கின்றன: குதிரையைக் கடக்கும்போது வேகம் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விடவேண்டும். அந்த விதியை மீறியதே குற்றம் ஆகாது. ஆனால் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, உரிமையியல் வழக்கில் அதைச் சான்றாக முன்வைக்கலாம்.

ஆகவே விபத்து நடந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சாலையின் அகலத்தை அளந்து படமெடுங்கள். குதிரைக்குச் சுமார் 1 மீட்டர், சாதாரணக் காருக்குச் சுமார் 1.8 மீட்டர், இடைவெளிக்கு 2 மீட்டர் என்றால் மொத்தம் 4.8 மீட்டர் வேண்டும். சாலை 4.5 மீட்டர்தான் என்றால் அந்த இடத்தில் விதிப்படி கடந்திருக்கவே முடியாது; ஓட்டுநர் காத்திருந்திருக்க வேண்டும். “மெதுவாகத்தான் போனேன்” என்ற பதிலுக்கு எதிராக இந்தக் கணக்கு நிற்கும்.

கார் உரசவே இல்லை, ஹாரன் சத்தத்திலோ வேகத்திலோ குதிரை மிரண்டு ஆளைத் தள்ளிவிட்டது என்றாலும் கிளெய்ம் உண்டு. பலர் இதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் சட்டத்தில் இல்லை, சான்றில்தான். “குதிரை தானாகவே மிரண்டது” என்பது காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கமான பதில். தலைக்கவசக் கேமராப் பதிவு, பின்னால் வந்த காரின் டேஷ்கேம், அருகிலுள்ள வீட்டின் சிசிடிவி ஆகியவற்றைப் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். அந்தக் குதிரை போக்குவரத்துக்குப் பழகியது என்று பயிற்சியாளரோ லாயக்காரரோ எழுதித் தரும் வாக்குமூலமும் கனமான சான்று.

காயத்துடன் கூடிய 25,000 பவுண்டு வரையிலான கிளெய்ம்கள் இணையவழி போர்ட்டலில் போகும். பொறுப்பை ஏற்கிறார்களா என்று 15 வேலை நாட்களில் நிறுவனம் சொல்லவேண்டும். அதற்கு மேற்பட்ட தொகை என்றால் கடிதம் அனுப்பி, ஒப்புகைக்கு 21 நாள், விசாரிக்க மூன்று மாதம் கொடுக்கவேண்டும். 2021 மே 31இல் வந்த கழுத்துச் சுளுக்குக்கான இழப்பீட்டுத் தொகை அட்டவணையும், அதோடு உயர்த்தப்பட்ட 5,000 பவுண்டு சிறுவழக்கு (small claims) வரம்பும் குதிரைச் சவாரி செய்தவருக்குப் பொருந்தாது. காரில் அடிபட்டவருக்கான தொகையைக் காட்டி உங்களிடம் பேரம் பேசினால் ஏற்க வேண்டியதில்லை.

பெரிய இழப்பு நேர்வது குதிரைக்கான கணக்கில்தான். சட்டத்தின் கண்ணில் குதிரை ஒரு சொத்து. அதனால் சிகிச்சைச் செலவு சந்தை விலையைத் தாண்டினால் மிச்சத்தைத் தர நிறுவனம் மறுக்கும். குதிரையின் மதிப்பை முதலிலேயே நிறுவிவிடுங்கள்: வாங்கிய ரசீது, வாங்கும்முன் செய்த மருத்துவப் பரிசோதனைச் சான்று, போட்டி முடிவுகள், தனி மதிப்பீட்டாளர் அறிக்கை. குதிரை ஓய்விலிருந்த காலத்து லாய வாடகை, மறுபயிற்சிச் செலவு, விலைக்குறைவு, சேணத்தின் உள்சட்டம் உடைந்ததா என்று நிபுணர் தரும் அறிக்கை ஆகியவற்றையும் சேருங்கள். விழுந்தபோது அணிந்திருந்த தலைக்கவசத்தை இனி அணியாதீர்கள். ஆனால் தூக்கி எறியவும் வேண்டாம், அது சான்று.

காயத்துக்கு மூன்று ஆண்டு, குதிரை முதலிய சொத்துக்கு ஆறு ஆண்டு காலவரம்பு. காயத்துக்காக அவசரப்பட்டு “முழு, இறுதித் தீர்வு” என்ற தாளில் கையெழுத்திட்டால் குதிரைக்கான உரிமையும் அதோடு போகலாம். நொண்டல் குணமாகுமா என்று கால்நடை மருத்துவர் சொல்லும் வரை பொறுங்கள். அடிபட்டவர் சிறுவர் என்றால் காயத்துக்கான மூன்று ஆண்டு 18 வயதில்தான் தொடங்கும்.

எம்.ஐ.பி.

வண்டிக்குக் காப்பீடு இல்லையென்றாலோ, மோதியவர் நிற்காமல் போய்விட்டாலோ இங்கே விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் இல்லாமலும் செய்யலாம். அடையாளம் தெரியாத வண்டி என்றால் உங்களுக்குக் கடுமையான காயம் இருந்தால்தான் சொத்துச் சேதத்தைக் கவனிப்பார்கள். குதிரை மட்டும் அடிபட்டு நீங்கள் தப்பியிருந்தால் இந்த வழி ஏறக்குறைய மூடியதுதான். எண் பலகையின் பாதி கிடைத்தாலும் காவல்துறையிடம் சொல்லுங்கள். குதிரைக்கு அடிபட்டாலே ஓட்டுநர் நிற்கவேண்டும். விவரம் தராவிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். இது 1988 சட்டத்தின் 170ஆம் பிரிவு.

சொந்த பாலிசி

யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, பணமும் சீக்கிரம் வரும். ஆனால் சிகிச்சைக்கு உச்சவரம்பு உண்டு, உங்கள் வலிக்கும் வேலை இழப்புக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இதை முதல் வழிக்கு மாற்றாக நினைக்காதீர்கள். குதிரைக்கு அறுவைசிகிச்சை இன்றே வேண்டுமென்றால் இதில் செய்துவிட்டு, பாலிசியில் வராத தொகையை ஓட்டுநர் தரப்பிடம் கேட்பதே சரி. கருணைக்கொலை செய்யவேண்டிய நிலை வந்தால், உயிர்வதை தாங்கமுடியாத அவசரம் தவிர மற்ற நேரங்களில் நிறுவனத்தின் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். அதைத் தவறவிட்டுக் குதிரையின் விலையை இழப்பவர்கள் உண்டு.

குதிரையை வைத்திருப்பவர் மீது வழக்கு

வயலிலிருந்து தப்பி ஓடிவந்த குதிரை காரில் மோதினால் 1971 விலங்குகள் சட்டம் வருகிறது. வைத்திருப்பவர் தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பாகலாம் என்கிறது அதன் 2(2) பிரிவு. 2003இல், அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை உறுதிசெய்தது. மிரண்ட குதிரைகள் வேலியை உடைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடிய வழக்கு அது. வேலியில் குறையில்லை என்றபோதும் உரிமையாளர்கள் பொறுப்பேற்க நேர்ந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்தப் பக்கம். மிரளும்போது குதிரை கண்மண் தெரியாமல் ஓடும் என்பது குறிப்பிட்ட சூழலில் மட்டும் வெளிப்படும் இயல்பு, உரிமையாளர்களுக்கும் அது தெரியும் என்பதே அடிப்படை.

எனவே குதிரை எப்படி வந்தது என்பதே வழக்கின் உயிர். பாய்ந்து வந்ததா, இருட்டில் சாலையில் சும்மா நின்றதா? நின்ற குதிரை என்றால் 2(2) பிரிவு கடினம். வேலி, வாயில், பூட்டு ஆகியவற்றில் கவனக்குறைவைக் காட்டவேண்டும். உடைந்த வேலியை அன்றே படமெடுங்கள், மறுநாள் சரிசெய்துவிடுவார்கள். காரில் வந்த நீங்கள் அதிவேகத்தில் வந்திருந்தால் தொகை குறையும். 16 வயதுக்குட்பட்டவரின் குதிரை என்றால் அந்தக் குடும்பத் தலைவரும் பொறுப்பாளி.

வென்றாலும் குதிரையை வைத்திருப்பவரிடம் பணம் இல்லாவிட்டால் தீர்ப்பு காகிதமாகவே இருக்கும். ஆகவே மூன்றாம் தரப்புக் காப்பீடு இருக்கிறதா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நலச் சங்கத்தின் தங்க (Gold) உறுப்பினர்களுக்கு அது உறுப்பினர் சந்தாவோடு வருகிறது. தனக்கு அது இருப்பதையே நினைவில் வைத்திராத உரிமையாளர்கள் உண்டு என்பதால் இந்தப் பெயரைக் குறிப்பிட்டே கேட்பது நல்லது.