வாஷிங்டன் போனால் இந்தக் கூடத்தைத் தவறவிடாதீர்கள்

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் மூன்றாவது மாடியில் இருக்கும் 'முதல் பெண்மணிகள்' கூடத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 'முதல் பெண்மணி' என்பது அமெரிக்க ஜனாதிபதியின் மனைவிக்கு வழங்கும் பட்டம். அவர்கள் அணிந்த உடைகள்தான் இங்கே காட்சியில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. டிசம்பர் 25 தவிர எல்லா நாளும் திறந்திருக்கும்.

உள்ளே வெளிச்சம் கம்மி. பழைய பட்டு வெளுத்துவிடக் கூடாதல்லவா! கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். கூட்டம் பெரும்பாலும் அண்மைக்கால கவுன்களைச் சுற்றித்தான். எனக்கோ முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தா வாஷிங்டனின் பட்டு உடையை விட்டு நகர மனமே வரவில்லை. தள்ளி நின்றால் வெறும் பூ வேலைப்பாடு. கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தால் பூக்களுக்கு நடுவே வண்ணத்துப்பூச்சி, வண்டு, எறும்பு, சிலந்தி என்று குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மக்கள் அவரை 'லேடி வாஷிங்டன்' என்றுதான் அழைத்தார்கள். 'முதல் பெண்மணி' என்ற இன்றைய பட்டம் வழக்கத்துக்கு வந்தது வெகுகாலம் கழித்து.

இந்தப் பட்டம் மனைவிக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜனாதிபதி ஜேம்ஸ் புக்கானன் கல்யாணம் ஆகாதவர். வெள்ளை மாளிகை விருந்துகளை முன்னின்று நடத்தியவர் அவருடைய சகோதரி மகள் ஹாரியட் லேன். 1860-லேயே ஒரு பத்திரிகை அவரை முதல் பெண்மணி என்று எழுதிவிட்டது.

அரசியல் சட்டத்தில் இப்படி ஒரு பதவியே இல்லை, சம்பளமும் கிடையாது. ஆனால் வேலைக்குக் குறைவில்லை. 1814-ல் பிரிட்டிஷ் படை வெள்ளை மாளிகையைக் கொளுத்த வந்தபோது, ஜார்ஜ் வாஷிங்டனின் ஓவியத்தைக் காப்பாற்றிவிட்டுத்தான் வெளியேற வேண்டும் என்று நின்றவர் அப்போதைய ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசனின் மனைவி டாலி மேடிசன். ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் 1964 தேர்தலில் தென் மாநிலங்களுக்குத் தனி ரயிலில் போய்க் கணவருக்காக ஓட்டுக் கேட்டார். கவுனைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. தயவுசெய்து இந்த மாதிரி விஷயங்களையும் நின்று படியுங்கள்.

பதவியேற்பு விழா உடையை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ஜனாதிபதி வில்லியம் டாஃப்டின் மனைவி ஹெலன் டாஃப்ட். அவருடைய 1909-ஆம் ஆண்டு உடை காட்சியில் இருந்தால் அதையும் தேடிப் பாருங்கள்.

காலை 10 மணிக்குக் கதவு திறந்ததும் நேராக இங்கே வந்துவிடுவது நல்லது. பள்ளிக் குழந்தைகள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கண்ணாடிப் பக்கம் நெருங்க முடியாது.