சாலென்டோ, பான்யோஸ், சமாய்பாட்டா: வழித்துணை கிடைக்கும் ஊர் எது?

தென் அமெரிக்காவுக்கு முதுகுப்பையோடு தனியாகக் கிளம்புகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பது என்று மாதக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். யாரோடு பேசப்போகிறோம் என்பதைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. ஓர் ஊரில் வழித்துணை அமைவது பெரும்பாலும் அங்கே வண்டி எப்படிக் கிளம்புகிறது, பாதை எங்கே குறுகுகிறது, கூலியை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பவற்றால்தான். அந்தக் கணக்கில் கொலம்பியாவின் சாலென்டோ, ஈக்வடாரின் பான்யோஸ், பொலிவியாவின் சமாய்பாட்டா ஆகிய மூன்று சிற்றூர்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் 2,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருப்பவை. பெருவின் கூஸ்கோ 3,400 மீட்டர், பொலிவியாவில் டிடிகாகா ஏரிக்கரையிலுள்ள கோபகபானா 3,800 மீட்டர். அங்கெல்லாம் பலருக்கு முதல் நாட்கள் தலைவலியோடு படுக்கையிலேயே கழிந்துவிடும். யாரிடம் போய்ப் பேசுவது?

முதல்முறை தனியாகப் போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது சாலென்டோ. காலையில் ஊர்ச் சதுக்கத்தில் வில்லிஸ் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே இடம் நிறைந்ததும் இரண்டு மூன்று பேர் பின்புறப் படியில் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்வார்கள். வளைவுக்கு வளைவு அடுத்தவர் தோளில் சாய வேண்டியிருப்பதால், கோகோரா பள்ளத்தாக்கு வருவதற்குள் பெயரும் ஊரும் கேட்டாகிவிடும். அங்கிருந்து ஐந்தாறு மணி நேர நடை. ஆற்றின் குறுக்கே ஆடும் மரப் பாலங்களில் ஒரே நேரத்தில் ஓரிருவர்தான் போக முடியும் என்பதால் முன்னே போனவரைப் பின்னே வருபவர் பிடித்துவிடுவார். நடைவழியிலுள்ள அக்காய்மே குடிலில் எல்லோரும் உட்கார்ந்து சூடாக எதையாவது குடித்தபடி தேன்சிட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் வருகின்றன அந்த மெழுகுப் பனைகள். 60 மீட்டர் வரை வளரும் இந்த மரத்தை 1985இல் கொலம்பியா தன் தேசிய மரமாக அறிவித்தது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.

மாலையில் தேஹோ விளையாட்டு. களிமண் பலகையில் பதித்த வெடிமருந்துப் பொட்டலங்களைக் குறிபார்த்து இரும்பு வட்டை எறிய வேண்டும். அணி பிரித்து ஆடுவதால் தனியாக வந்தவரையும் சேர்த்துக்கொள்வார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் கைதட்டுவதற்கு மொழி தேவையில்லை. ஆனால் சாலென்டோவில் சேரும் கூட்டம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வெளிநாட்டு இளைஞர் கூட்டம். அதற்குள்ளேயே சுற்றிவிட்டுக் கொலம்பியர் ஒருவரோடும் நாலு வார்த்தை பேசாமல் திரும்பிவிட முடியும். அது எனக்கு உறுத்துகிறது.

பான்யோஸ் இதற்கு நேர் எதிர். 5,023 மீட்டர் உயர துங்குராவா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. எரிமலை விழித்ததும் 1999 அக்டோபரில் ஊரையே காலி செய்தார்கள். 2000 ஜனவரியில் மக்கள் தாங்களாகவே திரும்பி வந்துவிட்டார்கள். இன்று ஊர் முழுக்கச் சாகசச் சுற்றுலா முகவர் கடைகள். படகு, பாலத்திலிருந்து குதிப்பது, அருவியில் கயிறு கட்டி இறங்குவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு டிக்கெட் வாங்கிக்கொண்டு பிரிந்துபோகிறார்கள். கூடவே நண்பர்கள் இருந்தால் கொண்டாட்டம். தனியாகப் போனால் கொஞ்சம் வெறிச்சோடும்.

ஆனாலும் இரண்டு இடங்கள் உண்டு. சைக்கிள் வாடகைக்கு எடுத்து அருவிப் பாதையில் இறங்கினால், பைலோன் தெல் தியாப்லோ அருவி இருக்கும் ரியோ வெர்தே வரை பெரும்பாலும் சரிவுதான். திரும்ப ஏறுவதற்கு லாரி. சைக்கிள்களும் ஆட்களும் சேரும் வரை அது கிளம்பாது. சேறு தெறித்த உடைகளோடு காத்திருக்கும் நேரத்தில் பேச்சு தானாக வரும். இன்னொன்று வெந்நீர்க் குளங்கள். எல்லோருக்கும் தலைக்குக் குல்லாய் கட்டாயம். வார இறுதியில் பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக ஈக்வடார்க்காரர்கள் வந்து இறங்குவார்கள். சகபயணி என்றால் வெளிநாட்டவர் மட்டும்தான் என்று யார் சொன்னது? அரைகுறை ஸ்பானிஷ் இருந்தாலே போதும், எங்கிருந்து வருகிறாய், திருமணம் ஆகிவிட்டதா என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள். 2024 ஜனவரியில் உள்நாட்டு ஆயுத மோதல் என்று ஈக்வடார் அரசு அறிவித்ததை மறைக்கக் கூடாது. வன்முறை அதிகம் கடலோரத்தில்தான் என்றாலும் போகும் முன் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் விருப்பம் சமாய்பாட்டா. சாந்தா குரூஸ் நகரிலிருந்து 120 கிலோமீட்டர் என்றாலும் பகிர்வு டாக்ஸியில் மூன்று மணி நேரம் பிடிக்கும், அதுவும் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஊரிலும் இதே கதைதான். யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய எல் ஃபுயெர்தே, சுமார் 220 மீட்டர் நீளத்துக்கு ஒரே பாறையில் செதுக்கிய வேலைப்பாடு. ஊரிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர். டாக்ஸிக்காரர் தலைக்கு அல்ல, முழு வண்டிக்குத்தான் கூலி கேட்பார். ஆம்போரோ தேசியப் பூங்காவின் ராட்சதப் பெரணிகளைப் பார்க்க வழிகாட்டி வேண்டும், அங்கும் ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை இறங்கும். எனவே சதுக்கத்தில் முன்பின் தெரியாதவரிடம் "நாளைக்கு வருகிறீர்களா?" என்று கேட்பது இங்கே வழக்கமான காரியம். கூட்டம் குறைவு, ஆனால் வருகிறவர்கள் அவசரப்படாதவர்கள். பல நாட்டவர் இங்கேயே குடியேறி உணவகமும் விடுதியும் நடத்துகிறார்கள். 1967 ஜூலையில் சே குவேராவின் போராளிகள் மருந்து தேடி வந்த ஊரும் இதுவே. அதனால் அவர் கொல்லப்பட்ட லா இகேரா வரை போகிறவர்களும் இங்கே சேர்கிறார்கள். அரசியல் பேசப் பிடித்தவருக்கு இரவு போதாது.

பாதையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாலென்டோவும் பான்யோஸும் கொலம்பியாவிலிருந்து ஈக்வடார் தலைநகர் கீத்தோ வழியாகத் தெற்கே இறங்கும் ஒரே தடத்தில் இருப்பதால், ஜீப்பில் தொற்றியவரை லாரியில் மறுபடி பார்க்கும் வாய்ப்பு உண்டு. சமாய்பாட்டா தனிக்கிளை. அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை மழையில் மண்சரிவு சாலையை அடைத்துவிடும், அந்த மாதங்களில் கூடுதல் நாட்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து பொலிவியாவின் இன்னொரு நகரான சுக்ரே போகும் இரவு பஸ்கள் சாந்தா குரூஸிலிருந்தே நிரம்பி வரும் என்பதால், நெடுஞ்சாலையில் போய் நிற்கும் முன் இருக்கைக்குச் சொல்லிவைத்துவிடுங்கள்.