உப்புக் காற்றில் மொரிஸ் மைனர்: வீட்டுக் கொட்டிலில் கட்டிய காரின் நீண்டகால அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலில் நான் கட்டியெழுப்பிய 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, தன் பழைய எஞ்சினுக்குப் பதிலாக நிசான் ஏ12 எஞ்சினுடன் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதுபோன்ற காரைத் தாமும் கட்ட விரும்புவோர் முதலில் எஞ்சினைப் பற்றியே விசாரிக்கிறார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் நமக்கு உடற்கூடுதான் முதல் வேலை என்பதை இத்தனை கால ஓட்டத்தின் பின் உறுதியாகச் சொல்வேன்.

பழைய கார்களை இப்படி மாற்றிக் கட்டுவதில் முன்னோடிகளான கலிஃபோர்னிய இளைஞர்கள் மட்காட்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டிய 1932ஆம் ஆண்டு ஃபோர்ட் வி8 போன்ற கார்களுக்குத் தனிச் சட்டகம் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனருக்கோ உடலும் சட்டகமும் ஒன்றே என்பதால், கதவின் கீழுள்ள பெட்டித் தகடோ, பின் சக்கர வில் (ஸ்பிரிங்) பொருந்தும் இடமோ கறள் பிடித்தால் காரின் முதுகெலும்பே பழுதானதாகிவிடும். அப்படிப்பட்ட கூட்டில் பலமான எஞ்சினை ஏற்றுவது ஆபத்தானது. கறள் வெளியே தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தரையோரத்தில் பெயின்ட் மிளகளவில் உப்பியிருக்கும். திருப்புளி நுனியால் அழுத்தினால் தகடு பழுப்புத் தூளாக உதிரும். ஆகவே வாடைக்காற்று மழைக்கு முன்னர் ஆண்டுதோறும் நீர் வடியும் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, பெட்டித் தகடுகளுக்குள் மெழுகு கலந்த காப்புத் திரவத்தைப் பீய்ச்சுகிறேன். நான் வெட்டி ஒட்டிய தகடுகள் இன்றும் உறுதியாக இருப்பதற்கு இந்தப் பராமரிப்பே காரணம் எனக் கருதுகிறேன்.

அடுத்தது முன் சக்கரங்களைத் தாங்கும் ட்ரனியன். திருகுமரையில் சுழலும் இந்தப் பாகம் கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால், ஓடும்போதே சக்கரம் மடிந்து விழக்கூடும். 1,000 மைலுக்கு ஒருமுறை காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் பாரம் இறங்கிய நிலையில், பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்கிறேன். மணற்பாதையில் அடிக்கடி ஓடுபவர்கள் அந்த இடைவெளியையும் குறைத்துக்கொள்வது நல்லது.

எஞ்சினைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. மைனரின் 948 சிசி எஞ்சினில் அதன் சுழல் தண்டான கிராங்கைத் தாங்குபவை மூன்று பெயாரிங்குகள். 1,171 சிசி ஏ12இல் ஐந்து. நெடுந்தூர ஓட்டத்தில் அதன் நிதானம் நன்றாகவே தெரிகிறது. உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையையே நம்பியிருக்கிறேன். ஆயினும் எஞ்சினை மாற்றியதால் மட்டும் ஹபரணை வீதியில் இரைச்சல் குறையவில்லை, ஏனெனில் பழைய 4.55 விகிதப் பின்அச்சு (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதற்குச் சக்தி கொண்டுவரும் தண்டு 4.55 முறை சுற்ற வேண்டும்) அப்படியே இருந்தது. பிந்திய 1098 சிசி மைனரின் 4.22 அச்சைப் பொருத்திய பிறகே 80 கிலோமீற்றர் வேகத்தில் இயல்பாகப் பேச முடிகிறது. இவ்வளவு பயன் தரும் மாற்றத்தைப் பலர் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தமே.

பிரேக்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 7 அங்குல முன் டிரம்களுக்குப் பதிலாக 1098இன் 8 அங்குல டிரம்களைப் பொருத்தியுள்ளேன். உவர்மலை இறக்கத்திலும், மாலையில் யானைகள் குறுக்கிடும் கந்தளாய்க்கு அப்பாலுள்ள வீதியிலும் அவை நம்பிக்கை தருகின்றன. பற்றரிக்கு மின்னேற்றும் ஒல்டனேற்றர் பொருத்துவதென்றால், பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும் பழைய முறையை முதலில் எதிர்முனைக்கு மாற்றியாக வேண்டும். புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவதற்குத் தேவையான பற்றுச்சீட்டுகளை, எஞ்சினை வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.