வடசேரி மகளிர் உடற்பயிற்சிக் கூடம்: பயிற்சி நன்று, மரபணுச் சோதனை தேவையில்லை

நாகர்கோவில் வடசேரியில் பெண்களுக்கு மட்டுமென நடக்கும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சில மாதங்களாகச் சென்று வருகிறேன். எடை கூடிய பெண்கள் கூச்சமின்றி வந்து, பிள்ளைகளின் பள்ளி வேன் வருவதற்குள் வீடு திரும்பும்படி விடியற்காலையிலேயே கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

பெண்கள் என்றாலே டிரெட்மில்லில் நடக்கவிட்டு அனுப்பிவிடும் வழக்கம் இங்கில்லை. வாரத்தில் மூன்று நாள் நடை அல்லது சைக்கிள், இரண்டு நாள் எடைப் பயிற்சி, ஒரு நாள் வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் தீவிரப் பயிற்சி என்று பிரித்திருக்கிறார்கள். இதற்கு அறிவியல் காரணம் உண்டு. உடற்பயிற்சி மரபணுவின் எழுத்துகளை மாற்றுவதில்லை; எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதையே மாற்றுகிறது, அதுவும் பயிற்சிக்குப் பயிற்சி வேறு விதமாக. நெடுநேர நடையும் சைக்கிளும் தசையில் பிஜிசி-1 ஆல்பா மரபணுவைத் தூண்டி செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகின்றன; எடை தூக்கினால், தசை வளர்ச்சிக்குத் தடை போடும் மயோஸ்டாட்டின் மரபணுவின் வெளிப்பாடு, அதாவது அது வேலை செய்யும் அளவு, குறைகிறது. சர்க்கரையைத் தசைக்குள் கொண்டுசேர்க்கும் குளுட்-4 புரதமும் பயிற்சியால் கூடுகிறது. குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்கு, எடைக்கருவியின் முள் அசையாத மாதத்திலும் கிடைக்கும் இந்த ஆதாயமே பெரிது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் தீவிர இடைவெளிப் பயிற்சி செய்தவர்களின் தசையில்தான் மிகுதியான மரபணுக்களின் செயல்பாடு மாறியது. மைட்டோகாண்ட்ரியாவின் திறன் இளையோரிடம் 49 சதவீதமும் முதியோரிடம் 69 சதவீதமும் உயர்ந்தது. ஆயினும் தசை வலுவைக் கூட்டியதில் எடைப் பயிற்சியே முன்னின்றது. ஆண்களும் பெண்களும் கலந்த ஆய்வு அது. எடை கூடிய பெண்களுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

இவ்வளவு நன்றாகத் திட்டமிட்ட இடத்தில், சேரும்போதே உமிழ்நீர் மாதிரி எடுத்து “உங்கள் மரபணுவுக்கேற்ற பயிற்சி” என்று தனிக் கட்டணத்தில் ஒரு சோதனையை வற்புறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அச்சோதனை காட்டுவது பிறப்பிலேயே அமைந்த எழுத்து வரிசையை. உடற்பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். தசையில் மரபணு வெளிப்பாடு மாறியதா என்று அறிய, தொடையிலிருந்து ஊசியால் சிறு தசைத் துண்டை எடுத்து, மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகலான ஆர்.என்.ஏ.வை அளக்க வேண்டும்; அது ஆய்வகத்தின் வேலை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (எச்பிஏ1சி) பார்த்துக்கொண்டு, இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் வருகிறதா என்று டேப்பால் அளந்தாலே போதும்.

பயிற்சி தரும் அக்கா பொறுமையானவர். முட்டுவலி உள்ளவர்களை ஸ்குவாட்டுக்குப் பதில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் செய்கிறார். மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் விடச் சொல்லாமல், கிழங்கின் அளவை மட்டும் குறைக்கச் சொல்கிறார். மாலையில் டம்பெல்லுக்குக் காத்திருக்க நேர்கிறது என்பதால், முடிந்தவர்கள் காலை வகுப்பையே கேட்டு வாங்குங்கள்.