செக்யூரிட்டைசேஷனா, டெரிவேட்டிவ்ஸா: இளம் வக்கீல் எந்தப் பக்கம் போகலாம்?

நிதிச் சட்டத்துக்குள் நுழையும் இளம் வக்கீல்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. பல சட்ட நிறுவனங்களில் இரண்டையும் ஒரே டீம்தான் பார்க்கும். ஆனால் வேலையின் சுபாவம் வேறு வேறு.

நாமக்கல்லில் ஒருவர் லாரிக் கடன் வாங்கி மாதாமாதம் தவணை கட்டுகிறார். கடன் கொடுத்த நிறுவனம் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான கடன்களைத் திரட்டி ஒரு டிரஸ்டுக்கு விற்றுவிடுகிறது. அந்தத் தவணைகளை நம்பி டிரஸ்ட் வெளியிடும் பி.டி.சி. சான்றிதழ்களை (வரும் தவணையில் பங்கு தரும் பத்திரங்கள்) முதலீட்டாளர்கள் வாங்குகிறார்கள். லாரிக்காரர் பெரும்பாலும் பழைய இடத்திலேயே தவணை கட்டிக்கொண்டிருப்பார். இதுதான் செக்யூரிட்டைசேஷன். நாளைக்குக் கடன் கொடுத்த நிறுவனமே திவாலானாலும் அந்தத் தவணைகள் மேல் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அந்த அளவுக்கு விற்பனை உறுதியாக நிற்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் வக்கீலின் வேலை. கூடவே ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட வாகனக் கடன் என்றால் 6 மாதமாவது கையில் வைத்திருந்த பிறகுதான் விற்கலாம். விற்ற பிறகும் 10 சதவீதப் பங்கைத் தானே சுமக்க வேண்டும். முத்திரைத் தீர்வையோ மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஒவ்வொரு டீலும் புதிதாக ஒரு வீடு கட்டுவது மாதிரி. கடைசி நாள் ராத்திரி பட்டியலிலிருந்து நாற்பது கடன்கள் உருவப்பட்டிருக்கும். கடன்களை டிரஸ்டுக்கு மாற்றிக்கொடுக்கும் அசைன்மென்ட் பத்திரத்தின் இணைப்பு, டிரஸ்ட் பத்திரத்தில் உள்ள தொகை, சான்றிதழ்களுக்குத் தரம் போடும் ரேட்டிங் கடிதம் மூன்றும் விடிவதற்குள் ஒத்துப்போக வேண்டும். பணம் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று முழுசாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

டெரிவேட்டிவ்ஸ் என்றால் டாலர் விலை, வட்டி விகிதம் மாதிரி ஒன்றின் ஏற்ற இறக்கத்தை வைத்து இரு தரப்பு போடும் ஒப்பந்தம். இங்கே வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. உலகம் முழுக்கப் பயன்படும் மாதிரி ஒப்பந்தமான இஸ்டா மாஸ்டர் அக்ரிமென்ட்டின் அச்சிட்ட வாசகத்தில் யாரும் கை வைப்பதில்லை. சண்டையெல்லாம் பின்னால் வரும் ஷெட்யூலில்தான், அதாவது இரு தரப்பும் பேசி நிரப்பும் இணைப்பில்தான். கிராஸ் டிஃபால்ட் (வேறு கடனில் தவறினாலும் இங்கேயும் தவறியதாக எடுத்துக்கொள்வது) எந்தத் தொகையிலிருந்து தொடங்கும், பிணை எப்போது கேட்கலாம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். அலுப்பு என்று விட்டுப் போனவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எதிர்த்தரப்பு தவறிவிட்டால் நாம் பணம் தர வேண்டாம் என்கிற 2(அ)(iii) பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்த பிறகு, அப்படிக் காலவரையின்றி நிறுத்திவைக்க முடியாது என்று நியூயார்க் திவால் நீதிமன்றம் 2009இல் சொன்னது. 2012இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியும் என்றது. வாசகம் ஒன்றுதான், ஆனால் வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதற்கு அவ்வளவு கனம்.

நம் பக்கமும் அதே 2008இல் ராஜஸ்ரீ சுகர்ஸ் வழக்கு வந்தது. டாலர், சுவிஸ் ஃபிராங்க் விலையை வைத்துப் போட்ட ஒப்பந்தம் வெறும் சூதாட்டம், செல்லாது என்று அந்தக் கோவை நிறுவனம் வாதாடியது; சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலர் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் அடிபட்ட காலம் அது. கையெழுத்துப் போடும் முன் மில் முதலாளிக்குப் புரிகிற மொழியில் 'ரூபாய் இப்படிப் போனால் உங்களுக்கு இவ்வளவு நஷ்டம்' என்று சொல்ல ஒரு வக்கீல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதற்காகவே என் ஓட்டு டெரிவேட்டிவ்ஸுக்கு.

சந்தை சரிந்தால்? 2008க்குப் பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் செக்யூரிட்டைசேஷன் வேலை வற்றியது. டெரிவேட்டிவ்ஸ் ஆட்களுக்கு லேமன் கணக்கை முடிக்கும் வேலை குவிந்தது. இங்கே ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிதிக் குழுமம் விழுந்த 2018 நெருக்கடியில் கதை வேறு. கைப்பணத்துக்குத் தவித்த நிதி நிறுவனங்கள் கடன்களை விற்க வரிசையில் நின்றன. 2020இல் நெட்டிங் சட்டம் (இரு தரப்பும் ஒருவருக்கொருவர் தர வேண்டியதைக் கழித்து மிச்சத்தை மட்டும் தர வழி செய்வது) வந்தபின் இந்தியாவில் டெரிவேட்டிவ்ஸுக்கும் கால் ஊன்ற இடம் கிடைத்திருக்கிறது.

சரி, எதில் ஆரம்பிப்பது? பணம் நகரும் வழியைக் கற்றுக்கொள்ள முதல் இரண்டு மூன்று வருடம் சட்ட நிறுவனத்தில் செக்யூரிட்டைசேஷன். அப்புறம் வங்கியின் டெரிவேட்டிவ்ஸ் டெஸ்க். ஆனால் சில டெஸ்க்குகளில் தயார் வழிகாட்டியைப் பார்த்துக் கட்டம் நிரப்புவதுதான் முழு வேலையும். நேர்காணலில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வழிகாட்டியில் இல்லாததை எதிர்த்தரப்பு கேட்டால், முடிவெடுப்பது நானா, வேறொருவரா?